குளிர்நாட்டுக் கத்தரி: நான் தப்பாகச் சொன்னது

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

சங்ககிரியில் இருந்து பேசுறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்குங்க. இந்த ஊர்ல அது கேட்காத நேரம்னு ஒண்ணு இல்லை.

இன்னிக்குப் புது விஷயம் எதுவும் இல்லை. பழைய எபிசோடு ஒண்ணுல நான் சொன்ன தப்பைத் திருத்தணும். அதையும் இந்தத் தை மாசத்திலேயே பேசியாகணும். குளிர்நாட்டில் இருக்கிறவங்க கத்தரி விதையை எடுத்து வைக்க வேண்டிய நேரம் இதுதான். சித்திரையில் சொன்னா அவங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

மூணு வருஷம் முன்னாடி கேள்வி பதில் பகுதிக்கு நார்வேயில் இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. "செடி வருது, பூவும் பூக்குது, ஒரு பிஞ்சுகூட நிக்க மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?"னு கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. தழைச்சத்தைக் குறைங்க, அடுப்புச் சாம்பல் போடுங்க, தேமோர் கரைசலைப் பத்து நாளைக்கு ஒருதரம் அடிங்கன்னு மளமளன்னு சொல்லிட்டேன். ஸ்காட்லாந்தில் இருந்து கேட்ட ஒரு தம்பிக்கும் அதே மருந்து. ரெண்டு பேருக்கும் காய்க்கலை. அந்த அக்கா மறுபடி எழுதினாங்க: "தேங்காய் வாங்கி, பால் எடுத்து, மோரோட புளிக்க வச்சு அடிச்சேன் தம்பி. அடுக்குமாடி முழுக்க நாத்தம். பூ எப்பவும் போலக் கொட்டிருச்சு."

அப்ப அதைப் படிச்சுச் சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரலை. நமக்கு ஒரு நடவு வீணாப் போனா வருத்தம்தான், ஆனா ஆடிப்பட்டம் தப்பினா அடுத்தது இருக்குது. சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு பக்கம் கிணத்துல தண்ணி இருந்தா, வருஷத்தில் எந்த மாசமும் எங்கேயாவது ஒரு தோட்டத்தில் கத்தரி நிக்கும். அவங்களுக்கு மே மாசக் கடைசியில் பனி விட்டு, செப்டம்பர் முடிய இருக்கிற நாள்தான். அது போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. என் பேச்சைக் கேட்டு அவங்களுக்கு ஒரு வருஷம் போச்சு.

எனக்கு இது உறைக்கிறதுக்குச் சொந்த மகளே வேண்டியிருந்தது. மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்குறா. 2023ல் வீட்டுக்குப் பின்னாடி இருந்த ரெண்டு கட்டில் அகலம் இடத்தில் கத்தரி வச்சா. நாற்று விடுறதில் இருந்து எல்லாம் போன்ல நான் சொல்லச் சொல்லத்தான் செஞ்சா. ஆகஸ்ட் மாசம் கூப்பிட்டு, "பூவெல்லாம் கொட்டிப்போச்சுங்கப்பா"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நைட் டூட்டி பார்த்துட்டு வந்து தூங்கினா செடி என்ன கண்ணு பண்ணும்? விவசாயி மகள்னு வெளியில சொல்லிக்காதே." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவ சிரிக்கலை. அதுக்கப்புறம் செடியைப் பத்திப் பேச்சே எடுக்கலை.

2024ல் பேத்தியைப் பார்த்துக்க நானும் வீட்டம்மாவும் போனோம். சித்திரை பிறந்த வாரம் விமானம். போகும்போதே முடிவு பண்ணிட்டேன், கத்தரி எப்படி வளர்க்கிறதுன்னு அந்த ஊருக்கே காட்டிட்டு வர்றதுன்னு. நம்ம விதையைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போகலாம்னு பார்த்தேன், மாப்பிள்ளை வேண்டாம்னுட்டார். தாவர நலச் சான்றிதழ் இல்லாம வெளிநாட்டு விதையை அங்கே கொண்டுபோகக் கூடாது. கேட்கிறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், விதை தபால்ல அனுப்பச் சொல்லி என்கிட்டக் கேட்காதீங்க. அங்கேயே 'பிளாக் பியூட்டி'ன்னு ஒரு பாக்கெட் வாங்கினோம். ஒரு காய் அரைக் கிலோ தொடுற ஜாதி. அட்டைப்படம் பார்த்து மயங்கிட்டேன். அது ரெண்டாவது தப்பு.

முதல் தப்பு, விதை போட்டதே ஏப்ரல் கடைசியில். இங்கே ஏழாம் நாள் முளைச்சுத் தலை காட்டுற விதை அங்கே பதினாறு நாள் எடுத்துச்சு. பாதி அழுகிப்போச்சு. ஜூன் நடுவில் ரெண்டடிக்கு ரெண்டடி விட்டு மண்ணுல நட்டேன், நம்ம ஊர் கணக்கு. நட்டது நட்டபடி நின்னுச்சுங்க. மந்திரிச்சு விட்ட கோழி மாதிரி. ராத்திரி ஓடில்லா நத்தை வந்து இலையைத் தின்னுட்டுப் போகும். ஆனா வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. ஜூனில் அங்கே பகல் 17 மணி நேரம், ராத்திரி ஒன்பதரைக்கும் பேப்பர் படிக்கலாம். நம்ம ஊர்ல வருஷத்திலேயே நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். இவ்வளவு வெளிச்சம் வாங்கியும் ஏன் வளரலைன்னு புரியாம, உரம் வச்சேன். தண்ணி விட்டேன். சாம்பல்கூட யார் வீட்டிலேயோ கேட்டு வாங்கிப் போட்டேன். ஆகஸ்ட் நடுவில் பூத்துச்சு. கொட்டிருச்சு. மகள் ஜன்னல் வழியாப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லலை. அவ சொல்லியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

அங்கே நகராட்சி காய்கறி போடச் சின்னச் சின்னத் துண்டு நிலம் குறைஞ்ச வாடகைக்கு விடுது. அலாட்மெண்ட்னு பேர். 1908லேயே அதுக்குச் சட்டம் இருக்குது. வீட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு இடம், நான் தினம் அங்கே நடக்கப் போவேன். ஒரு பெரியவர் கண்ணாடிக் குடிலில் ஆறு கத்தரிச் செடி வச்சிருந்தார், செடிக்கு மூணு நாலு காய். என் கதையை மகள் மூலமாச் சொன்னேன். அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ராத்திரி உன் செடி எத்தனை டிகிரியில் தூங்குதுன்னு பார்த்தியா?"

நாப்பது வருஷம் கத்தரி வச்சிருக்கேன். அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. சேலத்துப் பக்கம் தை மாச விடியக்காலையே சராசரியா 18, 19 டிகிரி. மறுநாள் மாப்பிள்ளை வெப்பமானி ஒண்ணு வாங்கித் தந்தார், ஒரு நாளில் அதிகபட்சம் குறைஞ்சபட்சம் ரெண்டையும் காட்டுறது. செடி பக்கத்தில் குச்சி நட்டுத் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தா 11. அடுத்த நாள் 12. ஒரு நாள் 9. எல்லாம் ஆகஸ்ட் மாசம். பின்னாடி செய்தியில் பார்த்தேன், 2024 கோடையில் பிரிட்டன் முழுக்கச் சராசரி வெப்பம் 14.37 டிகிரி, 2015க்கு அப்புறம் குளிர்ச்சியான கோடை. அவங்க கோடை, இரவும் பகலும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாலும், நம்ம தை மாசத்து விடியலைவிடக் குளிர். அதுல போய்ச் சாம்பல் தூவிக்கிட்டு இருந்திருக்கேன்.

இனி விஷயத்துக்கு வர்றேன். கத்தரிக்கு 21 முதல் 30 டிகிரி வரைக்கும் சுகம். 17க்குக் கீழே போனா வளர்ச்சி மந்தமாகும். 15க்குக் கீழே ராத்திரி நீடிச்சா மகரந்தம் சரியா உருவாகாது, உருவானாலும் உயிர் இருக்காது. பூ பார்க்க நல்லாத்தான் இருக்கும், நீலமும் வெள்ளையுமா. உள்ளே ஒண்ணும் நடந்திருக்காது. நாலு நாள் நின்னு காம்போட கழண்டு விழும். நாம பூச்சியைத் தேடுவோம், சத்துக் குறைன்னு நினைப்போம்.

இன்னொண்ணு. எல்லாக் கத்தரிப் பூவும் காய்க்கிற பூ இல்லை. பூவைத் திருப்பிப் பாருங்க. நடுவில் மஞ்சளா மகரந்தப்பைகள் கூம்பு மாதிரிக் கூடி நிக்கும். அதுக்கு நடுவில் இருந்து பச்சையா சூல்முடி வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா அது காய்க்கும். சூல்முடி உள்ளேயே குட்டையா ஒளிஞ்சிருந்தா அது பெரும்பாலும் கொட்டும். குளிர், சத்துக் குறைவு, நோஞ்சான் செடி, எதுவா இருந்தாலும் இந்தக் குட்டைச் சூல்முடிப் பூ அதிகமாகும். வாடின செடியில் பூ எண்ணிச் சந்தோஷப்படக் கூடாது.

நம்ம ஊர்ல இதே கூத்து தலைகீழா நடக்குது. கத்தரி வெயில்னு பேர் வச்சிருக்கோம், ஆனா கத்தரிச் செடிக்கே அந்த வெயில் ஆகாது. பகல் 37, 38ன்னு ஏறினா மகரந்தம் வெந்துபோகும், பூ கொட்டும். தேமோர், சாயங்காலத் தண்ணி, மூடாக்கு எல்லாம் நாம பழகினது அந்தக் கொட்டலுக்கு. கொட்டுறது ஒண்ணுதான், காரணம் ரெண்டு. நான் சங்ககிரி சித்திரையின் வைத்தியத்தை நார்வேக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்.

அந்தப் பெரியவர் இன்னொண்ணும் காட்டினார். சட்டைப்பையில் இருந்து ஒரு பேட்டரி டூத் பிரஷ் எடுத்து, ஓடவிட்டு, பூக்காம்பில் ஒரு நொடி வச்சார். மஞ்சளாத் தூள் கொட்டுச்சு. கத்தரி மகரந்தப்பை பக்கவாட்டில் வெடிக்காதுங்க, நுனியில் ஊசி ஓட்டை மாதிரி ரெண்டு துளை, அது வழியாத்தான் தூள் வரணும். உப்பு ஜாடியைக் கவுத்துத் தட்டுற மாதிரி. நம்ம தோட்டத்தில் கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடிச்சு 'ம்ம்ம்'னு அதிரும் பாருங்க, அந்த வேலைதான். அங்கே பம்புள் பீன்னு ரோமம் வச்ச குண்டுத் தேனீ அதைச் செய்யுது. சாதாரணத் தேனீக்கு இந்த அதிர்வு தெரியாது. ஆனா கதகதப்புக்காகக் குடிலை மூடி வச்சா எந்தத் தேனீயும் உள்ளே வராது, காத்தும் அசைக்காது. அப்ப பிரஷ்தான் வண்டு. வீட்டம்மா இதைப் பார்த்துட்டு, "ஏனுங்க, கத்தரிக்குப் பல்லு விளக்கி விடுறாங்களா?"ன்னு கேட்டது இன்னும் எங்க வீட்டில் ஓடுது.

அந்த வருஷம் எனக்கு மொத்த மகசூல் ரெண்டு காய். பெரிய நெல்லிக்காய் அளவு. அக்டோபரில் ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு மகள் அதைப் பறிச்சு, நறுக்கி, சாம்பாரில் போட்டா. யார் இலையில் விழுந்துச்சுன்னுகூடத் தெரியலை. விமான நிலையத்தில்தான் சொன்னேன், "போன வருஷம் உன்னைப் பேசினது தப்பு கண்ணு"ன்னு. "செடியை விடுங்கப்பா"ன்னா.

அவ விடலை. 2025 பிப்ரவரி முதல் வாரமே விதை போட்டுட்டுத்தான் எனக்குச் சொன்னா. இந்தத் தடவை நான் சொன்னது கம்மி, அவளும் அந்தப் பெரியவரும் செஞ்சது அதிகம். அதை அப்படியே சொல்றேன்.

ரகம் முதலில். பிளாக் பியூட்டி வேண்டாம்னு, விரல் மாதிரி நீளமா, சின்னதாக் காய்க்கிற சீக்கிர ரகம் எடுத்தா. நம்ம கோ 2, பிகேஎம் 1 எல்லாம் 150 நாள் பயிர். அத்தனை நாள் சூடு அந்த ஊர் வானத்தில் இல்லை. காய் சின்னதா இருந்தா செடி சீக்கிரம் முடிச்சுக் கொடுக்கும்.

விதையைக் குழித்தட்டில் போட்டு, அடியில் மின்சாரச் சூட்டுப் பாய் வச்சா. ஹீட் மேட்னு கடையில் கிடைக்குது. அது இல்லாதவங்க வெந்நீர்க் கொதிகலன் இருக்கிற அலமாரியில் வைக்கிறாங்க. 25 டிகிரிக்கு மேல் இருந்ததில் எட்டாம் நாள் முளைச்சுருச்சு. முளைச்ச உடனே வெளிச்சத்துக்கு எடுத்தாகணும். பிப்ரவரியில் அங்கே பகல் ஒன்பது பத்து மணி நேரம்தான், அதுவும் மூடாக்கமா இருக்கும். ஜன்னலை மட்டும் நம்பினா நாற்று நூல் மாதிரி நீண்டு சாயும். ஒரு எல்.இ.டி. விளக்கு மேலே தொங்கவிட்டா. அப்புறம் சின்னத் தொட்டி, அதைவிடப் பெரிய தொட்டி. மே கடைசி வரைக்கும் வீட்டுக்குள்ளேதான். நம்ம ஊர்ல 30, 35 நாள் நாற்றைப் பிடுங்கி நடுவோம். அங்கே மூணரை மாசச் செடி, மொட்டோட.

மண்ணுல நடலை. பத்து லிட்டர் கறுப்புத் தொட்டி, பிளாஸ்டிக் விரிச்ச சின்னப் பசுமைக்குடில். கறுப்புத் தொட்டி வெயிலை வாங்கி வேருக்குக் கொடுக்கும். அந்த ஊர் நிலம் ஜூன்லகூட உள்ளே ஜில்லுன்னு கிடக்கும், வேர் அதுல வேலை செய்யாது. நான் மண்ணைக் குத்தம் சொன்னேன். மண்ணு தங்கமான மண்ணுங்க, சூடுதான் இல்லை. தண்ணியும் குழாயில் இருந்து நேரா விடாம, முதல் நாளே வாளியில் பிடிச்சுக் குடிலுக்குள் வச்சு, வெதுவெதுப்பானதும் ஊத்தினா. பகலில் கதவைத் திறந்து வண்டு வர விடுவா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிருவா. டூட்டிக்குப் போற நாளில் மாப்பிள்ளை மூடுவார். செடி ஒரு அடி வந்ததும் நுனி கிள்ளிக் கிளை விட வச்சா. பெரிய காய் ரகம்னா செடிக்கு அஞ்சாறு பிஞ்சு நின்னதும் மத்த பூவைக் கிள்ளிடணும். இது சின்னக் காய்ங்கிறதால பத்து வரைக்கும் விட்டா. ஆகஸ்ட் நடுவுக்கு மேல் வந்த பூவை எல்லாம் எடுத்துட்டா, அது காயாகிறதுக்குள் குளிர் வந்துரும்.

பூச்சிக் கதையைச் சீக்கிரம் முடிச்சிடுறேன். நம்மளை அழ வைக்கிற தண்டு, காய்த் துளைப்பான் அங்கே இல்லை. அந்தப் புழுவுக்காக வந்து 2010ல் நிறுத்தி வைக்கப்பட்ட பி.டி. கத்தரிச் சண்டையை அங்கே சொன்னா யாருக்கும் புரியாது. குடிலுக்குள் செஞ்சிலந்தி, வெள்ளை ஈ, அசுவினி வரும். இலைக்கு அடியில் தண்ணி பீய்ச்சுனா பாதி போயிரும்.

ஜூலை 20 வாக்கில் போட்டோ அனுப்பினா. அரிசிம்பருப்பு சாதம், பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியல். ஆறு செடியில் அந்த வருஷம் மொத்தம் நாப்பத்து மூணு காய். "எண்ணி வச்சிருக்கியா?"ன்னேன். "நீங்க எண்ணச் சொல்லலையேன்னு எண்ணினேன்"ன்னா.

இங்கேதான் நான் கையைத் தூக்கிக்கணும். 2025 கோடைதான் பிரிட்டனில் பதிவானதிலேயே வெப்பமான கோடை. சராசரி 16.1 டிகிரி. முந்தின வருஷத்துக்கும் அதுக்கும் ரெண்டு டிகிரிகூட வித்தியாசம் இல்லை, ஆனா கத்தரி நிக்கிறதும் விழறதும் அந்த ரெண்டு டிகிரியில்தான். அதனால பிப்ரவரி விதைப்பு, கறுப்புத் தொட்டின்னு பண்ணினதாலதான் காய்ச்சுதுன்னு நான் மார்தட்ட முடியாது. ஆனா மகள் ஒரு காரியம் பண்ணியிருந்தா. அதே நாற்றில் ரெண்டை வெளியே மண்ணுல, நான் நட்ட அதே இடத்தில் நட்டு விட்டிருந்தா. அந்த நல்ல கோடையிலும் அந்த ரெண்டுலயும் சேர்த்து அஞ்சு காய், அதுவும் செப்டம்பரில். ரெண்டு செடியை வச்சுச் சட்டம் போட முடியாது. எனக்கு இது போதும்.

குளிர்நாடுன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையில் கட்டவும் கூடாது. டொராண்டோவில் பனிக்காலம் கொடுமை, ஆனா ஜூலை ராத்திரி 18 பக்கம் நிக்கும். அங்கே மே கடைசியில் வெளியே நட்டாலே காய்க்குது, நம்ம ஆளுங்க கொல்லையில் பார்க்கலாம். பனிக்காலம் எவ்வளவு குளிர்ங்கிறது கத்தரிக்குத் தேவையில்லாத கணக்கு. கோடை ராத்திரி எவ்வளவுங்கிறதைப் பாருங்க. இங்கே ஏற்காட்டுக்கும் இதுதான். 1,500 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் ராத்திரி 13 டிகிரி பக்கம் போகுது. சேலத்தில் நட்ட அதே தேதியில் அங்கே ஐப்பசியில் நட்டுட்டு மார்கழியில் பூவைப் பார்த்துக்கிட்டு உட்காரக் கூடாது. தை, மாசியில் நாற்று விட்டு, பூ வெயில் காலத்தில் வர்ற மாதிரி பார்த்துக்கணும்.

இன்னொரு திருத்தமும் பாக்கி. சுண்டைக்காய்ச் செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டுனா எல்லாம் சரியாகும்னு அதே எபிசோடில் சொல்லியிருந்தேன். சுண்டை வேர் வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் தாங்கும், நம்ம ஊருக்கு அது சரி. ஆனா சுண்டையே சூட்டில் பிறந்த செடி, குளிருக்கு அது கை கொடுக்காது. ஐரோப்பாவில் கத்தரியைத் தக்காளி வேரில் ஒட்டுறாங்க, அந்த வேர் ஜில்லுன்ன மண்ணை இன்னும் கொஞ்சம் தாங்கும். ஒட்டுக் கத்தரி நாற்றா அங்கே கடையிலேயே கிடைக்குது. விலை அதிகம். ஆனா பிப்ரவரியில் விதை போட முடியாமப் போனவங்க மே மாசம் அதை ரெண்டு வாங்கி வைக்கிறது புத்திசாலித்தனம்.

நார்வே அக்காவுக்கு நான் தனியா எழுதிட்டேன். தேங்காய்க்கு மன்னிப்பும் கேட்டுட்டேன். அவங்க வீட்டில் குடில் போட இடம் இல்லை, கண்ணாடி அடைச்ச பால்கனிதான் இருக்குது, தெற்குப் பார்த்தது. அது போதும் அக்கா. ரெண்டு தொட்டி வைங்க, ஒரு வெப்பமானி தொங்கவிடுங்க, காலையில் எழுந்ததும் நம்பரைக் குறிச்சு வைங்க. பழைய டூத் பிரஷ் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க.

அடுத்த வாரம் மரவள்ளியில் மாவுப்பூச்சி. வர்றேனுங்க.